ஆண்டாளம்மாள் கொல்லையில் கூடிய சட்டசபை

உலகத்தில் சட்டசபை என்று சொல்லிக்கொள்ள எத்தனையோ கட்டடங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றாவது, உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் ஆண்டாளம்மாள் வீட்டுக் கொல்லையில் கூடுகிற சட்டசபையின் கால் தூசிக்கு வருமா? வராது. டெல்லிக்காரர்கள் காலையில் எழுந்ததும் இந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பல் விளக்குகிறார்களாம். லண்டனிலிருந்து ஒரு துரை வந்து கொல்லைக் கதவைத் தட்டி, எங்கள் பார்லிமெண்ட்டையும் இதே மாதிரி நடத்திக் கொடுங்கள் என்று அழுதாராம். “செருப்பை வெளியே வுட்டுட்டு வாய்யா” என்று ஆண்டாளம்மாள் போட்ட சத்தத்தில், வந்த விமானத்திலேயே திரும்பிவிட்டாராம்.

துரை வந்தது பொய். செருப்புச் சத்தம் மட்டும் சத்தியமான உண்மை.

ஆண்டாளம்மாளுக்கு வாடகைக்கு விடுகிற தொழில். சாமியானா, அண்டா, ஜமுக்காளம், மைக், ஃபைபர் நாற்காலி எல்லாம் உண்டு. அவள் வாடகை வாங்காமல் கொடுப்பது திட்டு ஒன்றைத்தான். மாகறலிலிருந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். புருஷன் செத்த வருஷத்திலேயே கொழுந்தன் ராஜாராம், “பொம்பளைக்கு எதுக்கு அண்ணி கயனி? நான் பாத்துக்கறேன்” என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டான். இன்றுவரை அவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கு மிஞ்சியது வீடும் பின்னால் இருந்த கொல்லையும். கழுத்தில் இருந்ததை விற்று நாற்காலி வாங்கினாள். ஊரில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் ராஜாராம் உட்காருவது அவள் நாற்காலியில். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அவன் உட்கார்ந்து எழுந்ததும், அவன் கண்ணெதிரிலேயே அந்த நாற்காலியைக் கழுவச் சொல்வாள்.

சட்டசபை ஆரம்பித்ததும் ராஜாராமால்தான். சில தேர்தல்களுக்கு முன்னால் ஓட்டு எண்ணுகிற நாளில் ஊரே அவள் வீட்டு டி.வி.க்கு முன்னால் கூடியிருந்தது. ராஜாராம் கட்சி தோற்றுக்கொண்டே போனது. ராஜாராமோ முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் கால் நீட்டியிருந்தான். ஆண்டாளம்மாள் மைக்கை எடுத்தாள். “தோத்துக்கினு கீறவனுக்கு எதுக்குடா ரெண்டு சேரு? எய்ந்திரு!” அன்றைக்குப் பிறந்தது சட்டம். எந்தக் கட்சி எத்தனை தொகுதியில் முன்னிலையோ, அந்தக் கட்சிக்காரர்களுக்கு அத்தனை நாற்காலி. ஒரு முன்னிலை போனால் ஒருத்தன் எழுந்து நிற்க வேண்டும். அவன் நாற்காலியை எதிர்ப்பக்கம் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு சேனலும் ஒரு கணக்குச் சொல்லும் என்பதால், அவள் வீட்டு டி.வி. சொல்வதுதான் கணக்கு. மைக்கில் வந்தால்தான் செல்லும்.

ஊர்க்காரர்களுக்கு இது பெரிய பேஜார்தான். ஆனாலும் ஒருத்தன்கூட வராமல் இருக்க மாட்டான். எதிரி எழுந்து நிற்பதைப் பார்க்கிற சுகம் வேறு எங்கே கிடைக்கும்?

நாற்காலிகளில் இரண்டு நிறம். வெள்ளை நூற்று நாற்பத்தொன்று, மெரூன் தொண்ணூற்று மூன்று. வெள்ளை ஊர்த் தெருக்களுக்கு. மெரூன் காலனிக்கு. இதை எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. யாரும் வாய் திறந்து சொன்னதும் இல்லை. ஆனால் கைக்குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லும். இதுவரை சட்டசபையில் வெள்ளை மட்டும்தான் போடுவார்கள். போதாத தொகுதிகளுக்குத் தரையில் சுண்ணாம்பு வட்டம். காலனி ஆட்கள் வேலி ஓரம் நின்று பார்ப்பார்கள்.

ஜெனிஃபர் அந்தக் காலனிப் பெண். பதினேழு வயசு. ப்ளஸ் ஒன் நடுவில் பள்ளிக்கூடம் அவளை விட்டதா, அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா என்பதில் இரண்டு தரப்புக்கும் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை. அப்பா தானியேல் குட்டியானை வண்டி ஓட்ட, அவள் பின்னால் ஏறிப்போய் ஆண்டாளம்மாளின் நாற்காலிகளை இறக்குவாள், ஏற்றுவாள், துடைத்து அடுக்குவாள். ஆண்டாளம்மாளை அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. போன மாசம் ஆண்டாளம்மாள் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவரை அவர் முதுகுக்குப் பின்னால் திட்டிக்கொண்டிருந்தபோது, ஜெனிஃபர் பக்கத்தில் கிடந்த மைக்கை மெதுவாக ஆன் செய்துவிட்டாள். மூன்று தெருவுக்குக் கேட்டது. பெரிய மனுஷருக்கும் கேட்டது.

ஓட்டு எண்ணுகிற நாளுக்கு முந்தின நாள் ஜெனிஃபர் ஒரு காரியமாகப் போய் ஆண்டாளம்மாள் முன்னால் நின்றாள். கூட தானியேல், எதற்கும் தயாராக, தலையைக் குனிந்துகொண்டு.

“அம்மா, ஞாயித்துக்கெயம அக்காவுக்கு நிச்சயம். தென்னேரிலேர்ந்து மாப்ள வூட்டுக்காரங்க வர்றாங்க. வெள்ளை சேரு அறுவது வோணும்.”

“மெரூன் எட்த்துக்க.”

“மெரூன்ல பாதிக்கு கால் ஆடுது, மீதிக்கு முதுகு வெடிச்சிகீது. எங்க பரிமளாவைப் பொண்ணு கேட்டு வர்றாங்களா, சர்க்கஸ் பாக்க வர்றாங்களா?”

“ஏய், வாயி!” என்றான் தானியேல்.

“அதுங்க குண்டுச் சட்டி மாரி ஆடினாலும் பரவால்ல, வெள்ளை அந்தத் தெருவுக்குப் போவாது.”

“ஏன் போவாது?”

ஆண்டாளம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். “போய்ட்டு வந்தா இங்க ஒருத்தனும் தொட மாட்டான். என் பொயப்புல மண்ணு வியும். தெரியாத மாரி கேக்கறா பாரு.”

“வெள்ளை சேரை தெனம் தொடைக்கறதே நான்தானே? என் கை பட்டா ஒண்ணும் ஆவலியா?”

“கை பட்டா ஒண்ணும் ஆவாதாம். உக்காந்தாதான் ஆவுமாம். இதை நானா கண்டுபுடிச்சேன்? போய் வேலையைப் பாருடி.”

ஜெனிஃபர் வேலையைப் பார்க்கப் போனாள். வீட்டில் பரிமளா, மாப்பிள்ளை வீட்டில் முறுக்கு சுட வெண்ணெய் போடுவார்களா, எண்ணெய் போடுவார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். “வெள்ளை சேரு தர்றேன்னுச்சா கெய்வி?” என்று கேட்டாள். “ஆங், தருது” என்று சொல்லிவிட்டாள் ஜெனிஃபர். அக்காவிடம் சொன்ன பொய்யை ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையாக்கியாக வேண்டும்.

மறுநாள் காலை கத்திரி வெயில் எட்டு மணிக்கே பல்லைக் காட்டியது. சாமியானா கட்டியாயிற்று. ஆண்டாளம்மாள் மைக்கில் ஒரு புது அறிவிப்பு செய்தாள்.

“இந்த வாட்டி சுண்ணாம்பு வட்டம் கெடையாது. முழு சபை. வெள்ளையையும் மெரூனையும் கூட்டினா சரியா எரநூத்தி முப்பத்தி நாலு வருது. ஒரு கட்சிக்கு வெள்ளை, ஒரு கட்சிக்கு மெரூன். சில்லறைக் கட்சிங்களுக்கு வெள்ளைல மிச்சம் மீதி.”

ஊரில் இரண்டே கட்சி. ஒன்று ராஜாராம் கட்சி. இன்னொன்று சுகுமார் கட்சி. இரண்டு பேருக்கும் ஊர்த் தெருவில்தான் வீடு. இரண்டு பேருக்கும் கழனி உண்டு. காலனியில் முக்கால்வாசிப் பேர் சுகுமார் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்.

“எங்களுக்கு வெள்ளை” என்றான் ராஜாராம்.

“எங்களுக்கும் வெள்ளைதான்” என்றான் சுகுமார்.

ஆண்டாளம்மாள் ஒரு எவர்சில்வர் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இந்தப் பக்கத்தில் பிறந்துவிட்டு, குடத்தில் சீட்டுப் போடாமல் எந்த வழக்குத்தான் தீர்ந்திருக்கிறது? ஏரிமீன் ஏலம் முதல் ஆட்டுக்கறிப் பங்கு வரை எல்லாம் குடம்தான். யாருடைய குழந்தையோ கையை விட்டு எடுத்துக் கொடுத்தது. சுகுமாருக்கு மெரூன்.

சுகுமார் முகம் போன போக்கைப் பார்த்து ஜெனிஃபருக்கு நாஷ்டா சாப்பிட்ட மாதிரி நிறைந்துவிட்டது.

“சின்னம்மா, இன்னா இது? அந்தச் சேர்ல நான் உக்கார்றதா?”

“ஏன், அதுல முள்ளு கீதா?”

“முள்ளு இல்ல…”

“அப்போ மூட்டப் பூச்சியா?”

சுகுமார் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் காலனிக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவும் அவனுக்கு ஓட்டுக் கேட்டு வெயிலில் அலைந்தவர்கள் முன்னால். “நாங்க நின்னுக்கறோம்” என்று சொல்லிவிட்டு, தன் தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு சாமியானாவுக்கு வெளியே போய் நின்றான்.

அப்போது வேலி ஓரத்திலிருந்து முனியன் வந்தார். அந்தக் கட்சிக்கு நாற்பது வருஷமாகக் கொடி பிடித்துத் தோள் ஒரு பக்கம் சாய்ந்துபோன மனுஷன். மெரூன் நாற்காலியை ஒருமுறை அசைத்துப் பார்த்து, முதல் வரிசையில் உட்கார்ந்தார். “நம்ம சேருதானே” என்றார் பொதுவாக. அதன் பிறகு காலனி ஆட்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கொல்லைக்குள் அவர்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஆண்டாளம்மாளுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. டி.வி. இருந்தது வீட்டுக்குள், கொல்லைப் படிக்கு எதிரே. படியில் நின்று எண்ணிக்கையைப் பார்த்துக் கத்துவது ஜெனிஃபரின் வேலை. கீழே நிற்கும் ஆண்டாளம்மாள் அதை மைக்கில் சொல்லி ஆட்களை எழுப்புவாள்.

“ராஜாராம் அம்பத்தி ரெண்டு!”

“வெள்ளை ரெண்டு போடு! ஏய், முட்டாமப் போடு!”

“சுகுமார் நாப்பத்தி ஒண்ணு. ஒண்ணு கொறைஞ்சிச்சு!”

“மெரூன்ல கடைசி ஆளு, எய்ந்திரு!”

“இப்பத்தான்மா உக்காந்தேன்!”

“உன் ஆளு இப்பத்தான்டா சறுக்கினான். எய்ந்திருடா!”

மதியத்துக்குள் சபை நிறைந்துவிட்டது. ராஜாராம் பக்கம் நூற்றிருபத்தைந்து வெள்ளை. சில்லறைக் கட்சிகளுக்குப் பதினாறு. அந்தக் கட்சிகளுக்கு ஊரில் ஆளே இல்லாததால் அந்தப் பதினாறில் பொடிப் பிள்ளைகள் உட்கார்ந்து குச்சி ஐஸ் தின்றன. யார் இன்னொரு ஐஸ் வாங்கிக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் போகத் தயாராக இருந்தன. சுகுமார் பக்கம் தொண்ணூற்று மூன்று. அதாவது, மெரூன் ஒன்றுகூட மிச்சம் இல்லை. அடுத்து ஒரு தொகுதி கூடினால், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளை நாற்காலி இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். உட்கார இடமில்லாத காலனிப் பெண்கள், நடவுக்குத் தங்களைக் கூட்டிப்போகிற சிட்டம்மாளோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜெனிஃபர் படியில் நின்று தொண்ணூற்று மூன்றையே பார்த்தாள். அது நகரவில்லை. ஒரு வெள்ளையிலாவது காலனி ஆள் உட்கார்ந்துவிட்டால், வெள்ளை அந்தத் தெருவுக்குப் போகாது என்று கிழவி அப்புறம் எப்படிச் சொல்வாள்? ராஜாராம் காலை நீட்டி, “ஆட்சி நம்மளுது அண்ணி! சாயந்திரம் கேசரி கிண்டு” என்றான். காலையிலிருந்து நின்றதில் ஆண்டாளம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெனிஃபர் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி அவள் பின்னால் விட்டாள். தற்செயலாகத்தான். கிழவி விழுந்தால் அப்புறம் தூக்குவது யார்?

தொண்ணூற்று மூன்று. இன்னும் தொண்ணூற்று மூன்று.

தொண்ணூற்று நான்கு என்று கத்தலாமா என்று நினைத்தாள். ஒரு நாற்காலி வந்து என்ன ஆகும்? அதில் சுகுமார் ஓடிவந்து உட்காருவான். கூட்டிச் சொல்வது என்று ஆன பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

“சுகுமார் நூத்திப் பதினெட்டு!” என்று கத்தினாள்.

இருநூற்று முப்பத்து நாலில் பாதிக்கு மேல் ஒன்று. ஆட்சி அமைக்கிற கணக்கு.

ஆண்டாளம்மாள் திரும்பி ஜெனிஃபரைப் பார்த்தாள். பூ விழுந்த கண்தான். ஆனாலும் ஜெனிஃபர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு மைக் இரைந்தது.

“ராஜாராம் பக்கம் இருபத்தஞ்சு பேர் எய்ந்திரு! முதல் வரிசைலேர்ந்து!”

“அண்ணி, என் போன்ல தொண்ணூத்தி மூணுன்னு காட்டுது!”

“உன் போனு உன் கட்சிப் போனு. என் சபைல என் டி.வி. எய்ந்திரு!”

ராஜாராம் எழுந்தான். பெஞ்சாதி முன்னால், பண்ணை ஆட்கள் முன்னால், வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். தானியேலும் இரண்டு பையன்களும் இருபத்தைந்து வெள்ளை நாற்காலிகளையும் எதிர்ப்பக்கம் தூக்கிப் போட்டார்கள். அதைப் பார்த்ததும் சுகுமார் தன் ஆட்களோடு வெயிலிலிருந்து ஓடிவந்தான்.

“நில்லு” என்றாள் ஆண்டாளம்மாள். “எங்க வர்றே?”

“எங்க கட்சிக்கு வந்த சேரு சின்னம்மா!”

“நீ காலைலயே வெளிநடப்பு பண்ணிட்டே. வெளிநடப்பு பண்ணவனுக்கு சபைல இன்னா வேலை? உள்ளே நின்னுக்கினு கீறவங்களுக்குத்தான் சேரு. சிட்டம்மா, இட்டாந்து உக்கார வை உன் ஆளுங்களை!”

சிட்டம்மாள் ராஜாராமின் கழனியில் நாற்று நடுகிறவள். ராஜாராம் எழுந்த அதே நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். சூடு இன்னும் ஆறியிருக்காது.

“ஏ சிட்டம்மா” என்றான் ராஜாராம், சத்தம் உயர்த்தாமல். “அதுல உக்காந்தே, நாளைக்கு என் கயனிப் பக்கம் வராதே.”

“நாளைக்குத்தானே ஐயா?” என்றாள் சிட்டம்மாள். “இன்னைக்கு உக்கார்றேன்.” உட்கார்ந்தாள். உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

ராஜாராம் அண்ணியிடம் திரும்பினான். “எய்ந்திரிக்கச் சொல்லு.”

இந்த இடத்தில் கிழவி பல்டி அடிப்பாள் என்று ஜெனிஃபருக்கு நிச்சயமாகத் தெரியும். பிழைப்பு, மண், ஒருத்தனும் தொட மாட்டான் எல்லாம் வரும்.

ஆண்டாளம்மாள் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். “முன்னிலை கீறவன் உக்காருவான். முன்னிலை போனவன் நிப்பான். வேற சட்டம் இங்க கெடையாது. புடிக்காதவன் செருப்பு வெளியே கீது, மாட்டிக்கினு போ.”

“என் பையன் கல்யாணத்துக்கு உன் சேரு வோணாம்” என்றான் ராஜாராம். “இதுங்க உக்காந்து எய்ந்த சேரை எங்க தெருவுல எவன் எடுக்கறான்னு நானும் பாக்கறேன்.”

இதுவரை யாரும் வாய் திறந்து சொல்லாததை ராஜாராம்தான் முதலில் சொன்னான். அதுவும் மைக்குக்குப் பக்கத்தில் நின்று. மூன்று தெருவுக்குக் கேட்டது. இந்த முறை ஜெனிஃபர் எதையும் தொடவில்லை.

முனியன் எழுந்து நின்றார். சண்டைக்கு வரப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் தன் மெரூன் நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய் ராஜாராம் முன்னால் வைத்தார். “வெயில்ல நிக்கறீங்க ஐயா. எங்க தெரு சேரு, உக்காருங்க.” காலனிப் பக்கம் வெடித்த சிரிப்பில் சாமியானா ஆடியது. ராஜாராம் போய்விட்டான். போகிற அவசரத்தில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போனான்.

மூன்று மணிக்கு டி.வி.யில் எண்ணிக்கை நிஜமாகவே ஏறத் தொடங்கியது. கடைசியில் சுகுமார் கட்சி நூற்றிருபத்தொன்று, ராஜாராம் கட்சி தொண்ணூற்றேழு, சில்லறை பதினாறு என்று நின்றது. ஜெனிஃபரின் பொய்க்கு ஆட்சியே அமைந்துவிட்டது. அதன் பிறகு சுகுமார் கையில் லட்டு டப்பாவோடு வந்தான். போட்டோ எடுக்க வேண்டும், கட்சிக்காரர்களோடு, முதல் வரிசையில். இருந்த ஒரே காலி இடம் முதுகு வெடித்த ஒரு மெரூன். உட்கார்ந்தான். சிரித்தான். “இதுல இன்னா கீது, எல்லாம் ஒண்ணுதானே” என்று பக்கத்திலிருந்த முனியன் தோளில் கை போட்டான். முனியன் லட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு கொல்லை முழுக்க வெள்ளையும் மெரூனும் கலந்து கிடந்தன. ஜெனிஃபர் வாளியும் துணியுமாக வந்தாள்.

“தனித்தனியா அடுக்கட்டுமா?”

“எதுக்குத் தனி?” ஆண்டாளம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். “ராஜாராம் தெருவுல எட்த்தா எடுக்கறான், வுட்டா வுடறான். எனக்கு கீற வாயிக்கு மாகறல் வரைக்கும் போய் வாடகைக்கு வுட்டுக்குவேன். மொத்தமா அடுக்கு.”

“அப்போ ஞாயித்துக்கெயம…”

“அறுவதுதானே சொன்னே? காலைலயே எத்தினு போ. கால் ஆடாததா பாத்து எட்த்துக்க. அண்டா ஒண்ணும் சேத்து எட்த்துக்க, அதுக்கு வாடகை கெடையாது. இளிக்காதடி.”

“யாரு இளிச்சாங்க?” ஜெனிஃபர் அவசரமாகக் குனிந்து சிட்டம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்தாள். பிறகு, அதை ஏன் துடைக்கிறோம் என்று தோன்றி, துணியை வாளியில் போட்டாள். “அம்மா, முட்டிக்கு வெந்நீர் வச்சித் தரட்டுமா?” வாய் தவறி வந்துவிட்டது.

ஆண்டாளம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள்.

“வை. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போ. நூத்திப் பதினெட்டுன்னு கத்தினியே, எதுல பாத்தே?”

“டி.வி.லதான். போட்டான்மா, பெருசா, எல்லாச் சேனல்லயும்.”

“கண்ணுலதான்டி எனக்குப் பூ வியுந்திகீது, காதுல இல்ல” என்றாள் ஆண்டாளம்மாள். “நீ கத்தினப்போ அதுல பல்பொடி விளம்பரம் பாடிக்கினு இருந்திச்சு.”